சுருட்டை வேண்டாம்

செப்டம்பர் 12, திங்கள்

நூற்றெண்பது. ஒரு தடவை.

இந்த டைரியைக் கொடுத்தது என் தங்கை தங்கமாரி. கோவில்பட்டியில் பார்லர் வைத்திருக்கிறாள். ஏதோ ஷாம்பு கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்தது, எட்டு மாதம் சும்மா கிடந்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நேற்று நான் புருஷன் வீட்டுக்குப் புறப்படும்போது, முடியை நேராக்கும் மெஷினையும் இதையும் ஒரே துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். "தினமும் எத்தனை டிகிரியில இழுத்த, எத்தனை தடவை இழுத்தன்னு எழுதி வை. அடுத்த தடவை வரும்போது நான் பாப்பேன்" என்றாள். மற்ற வீடுகளில் பெண்ணுக்குக் குத்துவிளக்கு கொடுத்து அனுப்புவார்கள்.

முதல் பக்கத்தில் அவளே சட்டமும் எழுதி வைத்திருக்கிறாள். முடி முழுசாகக் காயாமல் மெஷின் படக் கூடாது. சூடு தாங்கும் ஸ்ப்ரே அடிக்காமல் படவே கூடாது. நூற்றெண்பதைத் தாண்டக் கூடாது, ஒரு கற்றையை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இழுக்க வேண்டும். கடைசி வரியை மட்டும் சிவப்பில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்: எண்ணெய்த் தலையில் வச்சிராத, அது முடி இல்ல, அப்பளம்.

தூத்துக்குடியில் எங்கள் வீடு மாடியில். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, அதன் காற்று மட்டும் வரும். அத்தை, என் மாமியார், சர்க்கரைக்காகக் காலை ஐந்து மணிக்கு நடக்கப் போய் ஆறேகாலுக்குத் திரும்புகிறார். என் வீட்டுக்காரர் சிவபெருமாள் ஏழு வரை சுவரைப் பார்த்துத் தூங்குகிறார். எனக்கு ஒரு மணி நேரம் போதும்.

செப்டம்பர் 14, புதன்

நூற்றெண்பது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று.

இந்த ஊர்க் காற்றை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. கோவில்பட்டியில் ஒருமுறை இழுத்தால் மூன்று நாள் நிற்கும். இங்கே பதினோரு மணிக்கே காதோரத்தில் ஒவ்வொன்றாக எழுந்து சுருள ஆரம்பிக்கிறது. மதியம் அத்தை படுத்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை இழுக்க வேண்டியிருக்கிறது. சட்டப்படி ஒரு நாளைக்கு ஒன்றுதான். சட்டம் போட்டவள் கோவில்பட்டியில் இருக்கிறாள்.

எழுதித்தான் வைப்போமே. எனக்குப் பிறவிச் சுருட்டை. அப்பாவின் முடி. செண்பகவல்லி என்ற பெயர் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும், மற்ற எல்லோருக்கும் நான் ஸ்பிரிங். முப்பத்து மூன்று வயதுவரை வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் நின்றுபோயின. முடியால் நின்றது ஒன்றுகூட இல்லை. இந்த வரன் வந்தபோது தரகர் துரைச்சாமி சொன்னார்: "மாப்பிள்ளைக்கு ரெண்டாம் தாரம். நல்ல மனுசன், ஷிப்பிங் ஆபீஸ்ல வேலை. நகைநட்டு எதுவும் கேக்கல. மாப்பிள்ளையோட அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சு. சுருட்டை மட்டும் வேண்டாமாம். மொதத் தாரம் சுருட்டையாம், விட்டுட்டுப் போயிட்டாளாம்."

அம்மா என் தலையைப் பார்த்தாள். தங்கமாரி மெஷினைச் சொருகினாள். நிரந்தரமாக நேராக்கும் மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஒருமுறை போட்டு மண்டையெல்லாம் கொப்புளம் கண்டவள் நான். அதனால் பெண் பார்க்க வந்த அன்றும், நிச்சயத்தன்றும், தாலி கட்டிய அன்றும் மெஷின்தான். "ஒரு வருசம் ஓட்டிரு. ஒரு பிள்ளை பொறந்துட்டா அப்புறம் எவ உன் முடியைப் பாக்கப் போறா" என்றாள் அம்மா.

பிள்ளை பிறப்பதற்கு அவர் முதலில் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். வேலை அலுப்பு.

செப்டம்பர் 16, வெள்ளி

நூற்றெண்பது. இரண்டு.

காலையில் அத்தை நல்லெண்ணெயைச் சூடுபண்ணி, நாலு மிளகு போட்டு, கிண்ணத்தோடு வந்தார். உட்காரப் பலகையும் போட்டாயிற்று. "ஏளா செண்பகம், வா, உக்காரு. வெள்ளிக்கெழம. தேச்சு விடுதேன்."

எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, மொட்டைமாடி வெயிலில் நின்றால் பத்தே நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும். "எனக்கு ஒத்துக்காது அத்தை. நீர் கோத்துக்கும்" என்றேன்.

"நல்லெண்ணெயா ஒத்துக்காது?" என்று கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அதைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டார்.

செப்டம்பர் 21, புதன்

நூற்றெண்பது. இரண்டு. காப்பி நன்றாக இருக்கிறது என்றார் வீட்டுக்காரர். டம்ளரைப் பார்த்துத்தான் சொன்னார், இருந்தாலும் சொன்னார்.

செப்டம்பர் 30, வெள்ளி

நூற்றுத்தொண்ணூறு. மூன்று.

கீழ்வீட்டு அக்காவிடம் அத்தை பேசிக்கொண்டிருந்தது படியில் கேட்டது. "அந்தச் சுருட்டை இப்பம் திருநெல்வேலியில இருக்காளாம். அவ பேச்ச எடுக்காத, வயிறு எரியுது." கையில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். மேலே வந்து கண்ணாடியைப் பார்த்தால் நெற்றியில் இரண்டு கம்பி எழுந்து நின்றது. பத்து டிகிரி கூட்டினேன். தங்கமாரி திட்டுவாள். திட்டட்டும். வீட்டைவிட்டுப் போகச் சொல்ல மாட்டாள் அல்லவா.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. தலைவலி என்று சொன்னேன்.

அக்டோபர் 7, வெள்ளி

இருநூறு. மூன்று.

காரணம் யோசித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அத்தை கிண்ணத்தை எடுக்கவே இல்லை.

ஸ்ப்ரே தீர்ந்துபோனது. இவரிடம் கேட்டால் எதற்கு என்பார். கேட்கவில்லை. மெஷினைப் பிடித்திருக்கும்போது கட்டிலிலிருந்து, "என்ன கருகுத வாசம்?" என்றார். சுவரைப் பார்த்தபடிதான்.

"பால் பொங்கிட்டு" என்றேன்.

"ம்" என்றார்.

அக்டோபர் 16, ஞாயிறு

இருநூறு. மூன்று. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் போனார். கப்பலுக்கு ஞாயிறு ஏது. துணி துவைக்கையில் சட்டைப்பையில் திருநெல்வேலி பஸ் டிக்கெட் ஊறிக் கிடந்தது. அங்கேயும் அவர்களுக்கு ஒரு கிளை இருக்கும்போல.

அக்டோபர் 25, செவ்வாய்

நேற்று தலைத்தீபாவளி. கோவில்பட்டிக்குப் போயிருந்தோம். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

தீபாவளியன்று எண்ணெய் வேண்டாம் என்று எந்த வீட்டில் சொல்ல முடியும்? அம்மாவே உச்சியில் எண்ணெய் வைத்தாள். விடியுமுன் குளித்துவிட்டு வந்தேன். பிசுக்கு பாதி போகவில்லை, ஈரம் பாதி போகவில்லை. தங்கமாரி இல்லை, அவளுக்கும் மாமியார் வீடு இருக்கிறது. இவர் குளிக்கப் போனார். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார். நிச்சயம் பண்ணியதிலிருந்து காப்பாற்றி வந்ததைப் பத்து நிமிஷத்தில் கோட்டைவிட முடியுமா?

அம்மா கதவைச் சாத்தினாள். நான் மெஷினை இருநூற்று முப்பதில் வைத்தேன். அதற்கு மேல் அதில் எண் கிடையாது. முதல் கற்றையிலேயே சுர்ரென்றது. புகை கிளம்பியது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றாள். வலது நெற்றியோரம் ஒரு கொத்து தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நல்லவேளை, தீபாவளி. ஊரே புகையாகத்தான் இருந்தது.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். புதுப் புடவை, படிய வாரிய தலை, காதோரம் கனகாம்பரத்தை இறக்கி வைத்து மறைத்த இடம். "சாப்பிடலாமா?" என்றார்.

நவம்பர் 4, வெள்ளி

இருநூற்று முப்பது. நான்கு.

சீப்பில் வேரோடு வருவதில்லை, நடுவில் முறிந்து முறிந்து வருகிறது. தோசைக்கல் பக்கம், தலையணையில், அத்தையின் தாம்பூலத் தட்டில்கூட. ஒரு சாண் ஒரு சாணாகப் பொறுக்கி ஜன்னல் வழியாகப் போடுகிறேன். அது பறந்து திரும்ப வீட்டுக்குள்ளேயே வருகிறது.

தங்கமாரிக்குப் போன் பண்ணினேன். தயிர், முட்டை, கற்றாழை எதையாவது சொல்வாள் என்று பார்த்தேன். தீபாவளிக் கதையை முழுசாகக் கேட்டாள்.

"அக்கா, முடிங்கிறது செத்த சாமான். முன்னாடியே பாதுகாத்தாத்தான் உண்டு. வெந்தது வெந்ததுதான். சோத்தத் திரும்ப அரிசியாக்க முடியுமா? வெட்டிட்டு, புதுசா வர்றத ஒழுங்காப் பாத்துக்க."

"வெட்ட முடியாதுட்டி. என்னன்னு சொல்லுவேன்?"

"அப்ப எனக்கு எதுக்கு போன் பண்ணின?" என்று அழுதாள். நியாயம்தான்.

நவம்பர் 20, ஞாயிறு

இருநூற்று முப்பது. காலையில் மட்டும்.

கார்த்திகைக்கு அகல்விளக்குகளை எடுக்கப் பரணில் ஏறினேன். அட்டைப்பெட்டிக்கு அடியில் ஒரு கல்யாண ஆல்பம். இவர் மாப்பிள்ளைக் கோலத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். இவருக்கு இவ்வளவு பல் இருப்பதே எனக்குத் தெரியாது.

பக்கத்தில் அவள். ஓமப் புகையில் கண் கலங்கி, முகமெல்லாம் வியர்த்து, நெற்றியில் ஈர முடி ஒட்டிக் கிடந்தது. நேராக. கோடு போட்டதுபோல நேராக. வியர்வையில் நனைந்த முடி பொய் சொல்லாது, அது எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அடுத்த படம், அடுத்த படம் என்று கடைசிவரை பார்த்தேன். ஒரு சுருள்கூட இல்லை.

கீழே இறங்கி அத்தையிடம் ஆல்பத்தைக் காட்டினேன். "இவங்க சுருட்டைன்னு சொன்னீங்களே?"

"ஆருக்கு, அவளுக்கா சுருட்டை முடி?" அத்தை சிரித்துவிட்டார். "பீரோவுல இருந்த சங்கிலி, கொலுசு, எங்கம்ம எனக்குப் போட்ட வளையல், அம்புட்டையும் சுருட்டிக்கிட்டுல்லா போனா. அதான் சுருட்டை. அவ பேரச் சொல்ல எனக்கு வாய் வருமா? தரகர்ட்டயும் அதத்தான் சொன்னேன், இன்னொரு சுருட்டை மட்டும் வேண்டாம்யா, நம்பி வீட்டுல விடுத மாதிரி பிள்ளையாப் பாரும்னு."

நான் ஆல்பத்தை மூடினேன்.

"சுருட்டை முடின்னா லெச்சணம்லா. எங்கம்மைக்கு அப்படித்தான் இருக்கும். அதுக்கு எண்ணெ வச்சு வச்சுத்தான் எனக்குக் கை பழகிச்சு" என்றார்.

திருநெல்வேலியிலிருந்து இவர் திரும்பியதும் ஆல்பத்தைப் பரணில் போடச் சொன்னார் அத்தை. இவர் ஏறி வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே எதையோ ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

நவம்பர் 21, திங்கள்

மெஷினைத் தொடவில்லை. எழுபத்தோரு நாளில் இன்றுதான் முதல் தடவை.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அடுப்படி வாசல்வரை போனேன். அத்தை, அந்தத் தரகருக்குக் காது சரியில்லை, எனக்கும் சுருட்டைதான், உங்கள் அம்மாவுக்கு இருந்ததுபோல. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும்? அப்பம் இத்தனை நாள்? பெண் பார்க்க வந்த அன்று? தாலி கட்டிய அன்று? நம்பி வீட்டில் விடுகிற பிள்ளை கேட்டவருக்கு, ஊரையே ஏமாற்றி உள்ளே வந்தவள் கிடைத்திருக்கிறாள். அவளாவது போகும்போதுதான் சுருட்டினாள். நான் வரும்போதே சுருட்டிவிட்டேன். அத்தை வேண்டாம் என்று சொன்னது என்னைத்தான்.

அதனால் வேறு வழி யோசித்திருக்கிறேன். தலைக்கு ஊற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுவது. கேட்டால், இந்த ஊர் உப்புத்தண்ணீரில் சுருண்டுவிட்டது என்று சொல்வது. கடைசிப் பொய். அதன் பிறகு நான் நானாக இருக்கலாம்.

நவம்பர் 23, புதன்

அத்தை கோயிலுக்குப் போன நேரத்தில் தலைக்கு ஊற்றினேன். மொட்டைமாடியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்ன வயதிலிருந்து எனக்கு அது மனப்பாடம்: முதலில் நுனி மடங்கும், அப்புறம் காதோரம், காயக் காய ஒவ்வொன்றாக மேலேறும்.

நுனி மடங்கவில்லை. அரைமணி நேரம் பார்த்தேன். காற்று ஈரமாகத்தான் அடித்தது. இரண்டு மாதமாக என்னைப் பாடாய்ப்படுத்திய அதே காற்று. விரலில் சுற்றிச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். விட்டதும் தொங்கிவிட்டது.

முழுசாகக் காய்ந்துவிட்டது. நேராக இருக்கிறது. எல்லோரும் கேட்டது கிடைத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட இப்படி அழவில்லை.

நவம்பர் 25, வெள்ளி

நானே எண்ணெயைச் சூடுபண்ணி, மிளகு போட்டு, பலகையில் போய் உட்கார்ந்தேன். அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இப்பம் ஒத்துக்குமாளா?" உச்சியில் கை வைத்தார். அடடா, என்ன கை அது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கை கீழே இறங்க இறங்க வேகம் குறைந்தது. நின்றுவிட்டது.

"ஏளா, என்னளா இது, தேங்கா நாரு மாதிரி? கையோட வருது. யாரு செஞ்சா இப்பிடி?"

"உப்புத்தண்ணி அத்தை."

திரும்பிப் பார்த்தேன். அவர் கண் நிறைந்திருந்தது. "நல்ல தண்ணி ஊருல வளந்த பிள்ளையக் கூட்டியாந்து கெடுத்துட்டேனே. என்னய மன்னிச்சிக்க தாயி" என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மெதுவாக, "கொஞ்சம் வெட்டிவிட்டா புதுசா வரும் அத்தை" என்றேன்.

"கத்தரியா? அது மட்டும் வேண்டாம்" என்றார் உடனே. "அவ அதத்தான் செஞ்சா. ஒரு நா தோளோட வெட்டிக்கிட்டு வந்து நின்னா. அடுத்த மாசம் ஆளு இல்ல. என் கண்ணு முன்னால இனி ஒருத்தி முடிய வெட்டிட்டு நிக்கப்பிடாது."

டிசம்பர் 11, ஞாயிறு

முதல் தடவையாக அவராகவே என் தலையைப் பார்த்தார். சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பக்கத்திலேயே நின்றார். என் உச்சந்தலையில் அவர் பார்வை இருப்பது தெரிந்தது.

"முடி ரொம்பக் கெட்டுப்போச்சு, இல்ல?" என்று நானே ஆரம்பித்தேன்.

கொஞ்சம் யோசித்தார். "எப்பவும் இப்படித்தான இருந்துச்சு?" என்றார்.

பொத்தான் தைத்து முடித்தேன்.

ஜனவரி 8, ஞாயிறு

வேரில் வந்துவிட்டது. ஒரு விரற்கடை இருக்கும். குட்டிக் குட்டி வளையமாக, கறுகறுவென்று. தொட்டால் அப்பாவின் தலை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொடுகிறேன் என்று கணக்கே இல்லை. சட்டம் எழுதியவளுக்குப் போனில் சொன்னேன். "அக்கா, அது நல்ல முடிக்கா. அதுமேல சூடு மட்டும் காட்டிராத. கீழ இருக்கிறத என்னைக்காவது வெட்டுற வரைக்கும் பொறுத்துக்க" என்றாள்.

என்னைக்காவது.

பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஆல்பத்தை மறுபடி திறந்தேன். வியர்த்து ஒட்டிய நெற்றியோடு அவள் இருந்த படத்தைக் காணவில்லை. நாலு மூலையில் பசைத் தடம் மட்டும் இருந்தது. அத்தைதான் கிழித்துப் போட்டிருப்பார். அத்தையால் ஏணியில் ஏற முடியாது, இருந்தாலும் அத்தைதான்.

ஜனவரி 14, சனி

நாளைக்கு இவருடைய சித்தப்பா வீடு, மாமா வீடு எல்லோரும் வருகிறார்கள். மொட்டைமாடியில் பொங்கல் வைத்துப் படம் எடுப்பார்களாம். தலை வாரினேன். மேலே ஒரு விரற்கடை புசுபுசுவென்று எழுந்து நிற்கிறது, கீழே முதுகுவரை காய்ந்த நார் தொங்குகிறது. இரண்டும் ஒரே ஆளின் தலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அத்தை பார்த்துவிட்டு, "என்னளா மேல மட்டும் எந்திரிச்சு நிக்கி? வாரவங்க கேப்பாகளே. எப்படியாச்சும் படிய வைளா" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ஒன்றை மற்றதுபோல ஆக்க வேண்டும். வெந்தது சுருளாது. சுருண்டது வேகும்.

ஜனவரி 15, ஞாயிறு. பொங்கல்

இருநூற்று முப்பது. இரண்டு தடவை.

அத்தை இன்றும் நடக்கப் போயிருந்தார். வேரோடு ஒட்டி வைத்து இழுத்தேன். மண்டை சுட்டது. புது முடி அல்லவா, சட்டென்று அடங்கிவிட்டது. பெரிதாகப் புகைகூட இல்லை.

வாசம் மட்டும் வந்தது. கட்டிலில் அவர் புரண்டார். சுவர்ப்பக்கமாகத்தான்.

"பால் பொங்கிட்டு போல" என்றார்.

"ஆமா" என்றேன்.

பானை இன்னும் அடுப்பில் ஏறவில்லை.